ஃபின்லாந்து நேரம்

ஃபின்லாந்தின் துர்க்குத் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டாக்ஹோமில் ஒரு வேலையும் கிடையாது. ஏறுவார்கள், சாப்பிடுவார்கள், ஆடுவார்கள், வரியில்லாக் கடையில் பீர்ப் பெட்டிகளை வாங்கிச் சக்கர வண்டியில் கட்டுவார்கள். காலையில் கப்பல் ஸ்டாக்ஹோமைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது போர்வைக்குள் கிடப்பார்கள். ஐலா அந்தக் கூட்டம். எழுபது வயது, புருஷன் போய்ப் பல வருஷம் ஆயிற்று, டாங்கோ ஆடுவதற்கென்றே இரண்டு ஜோடி செருப்பு தனியாக வைத்திருக்கிறாள். பதினோரு வருஷமாகப் போய்வருகிறாள். ஸ்வீடன் மண்ணில் இன்னும் கால் வைத்ததில்லை.

"இறங்கி என்னத்தடி பாக்கப் போறேன்?" என்பாள். "அங்க ஸ்வீடன்காரன் இருப்பான். அவனை இங்கேயே பார்ல பாத்துடறேன்."

ஹில்க்கா இறங்குகிறவள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இறங்கி, நடந்து ரயிலடிக்குப் போய், எஸ்கில்ஸ்துனாவுக்கு ரயில் பிடித்து, விவாகரத்தாகி இருபத்துமூன்று வருஷமான பழைய புருஷனுடைய வீட்டைக் கூட்டித் துடைத்து, அவருடைய சேர்ந்துபோன துணியைத் துவைத்துப்போட்டு, அன்றைக்கே மாலைக் கப்பலில் திரும்புகிறவள். அறுபத்தாறு வயதில் இது இரண்டு இரவு, ஒரு பகல். வீட்டுக்கு வந்த மறுநாள் அவளால் மாடிப்படி ஏற முடியாது.

இரண்டு பேரும் சேர்ந்தது ஒரு கணக்கில்தான். கப்பலில் அறைக்குத்தான் வாடகை, ஆளுக்கு இல்லை. ஒருத்தி படுத்தாலும் அதே வாடகை, நாலு பேர் படுத்தாலும் அதே வாடகை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீட்டு வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றபோது ஐலாதான் திரும்பிப் பார்த்து, "நீ குறட்டை விடுவியா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் ஹில்க்கா. "நான் விடுவேன். பரவால்லன்னா வா" என்றாள் ஐலா. அன்றிலிருந்து கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத, இருப்பதிலேயே மலிவான அறை இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

மலிவாகப் போவதில் ஹில்க்காவுக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. ஒருவழிச் சீட்டைவிடப் போய்த்திரும்பும் உல்லாசச் சீட்டு விலை குறைவு என்பது அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை முதியவர்கள் நடனம் இருப்பதால் அன்றைக்கு இன்னும் குறைவு என்பதும் தெரியும். ரயில் சீட்டை ஆறு வாரம் முன்னாலேயே எடுத்துவைப்பாள். அந்த விலைக்குக் கிடைக்கும் சீட்டு குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், தவறினால் காகிதம். கப்பல் விருந்து மண்டபத்தின் பக்கம் போகமாட்டாள். கறுப்பு ரை ரொட்டியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்த நாலு துண்டு, ஒரு பிளாஸ்க் காப்பி. அவ்வளவுதான் பயணச் சாப்பாடு.

நார்வேயில் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கும் மகன் யார்மோ போனில் கத்துவான். "விமானத்துல போம்மா, நான் டிக்கெட் போடறேன். ஏம்மா இப்படிச் சாகற?"

"விமானம் அங்கெல்லாம் போகாதுடா."

"போகும்மா."

"எனக்குப் போகாது."

அவன் அப்பாவைப் பார்க்க வந்து மூன்று வருஷம் ஆகிறது. டிக்கெட் போடுவதில் மட்டும் தாராளம்.

ஹில்க்கா முதல்முதலாக இதே தண்ணீரைக் கடந்தபோது பத்தொன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. அப்போது கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். இந்தக் கரையில் வேலையில்லை, அந்தக் கரையில் தொழிற்சாலை வாசலிலேயே நின்று ஆள் எடுத்தார்கள். எஸ்கில்ஸ்துனாவில் ஒரு பூட்டுத் தொழிற்சாலை. அவள் பொட்டலம் கட்டும் பகுதி, தைஸ்தோ கடைசல் இயந்திரம். அவளைவிட நாலு வயது மூத்தவர், மெதுவாகப் பேசுகிறவர், ஒரு நாள் பேசியதை மறுநாள் மாற்றாதவர். கல்யாணம் ஆன முதல் வாரமே சமையலறைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினார். அதில் ஃபின்லாந்து நேரம் வைத்தார். ஸ்வீடனைவிட ஒரு மணி முன்னே.

"அம்மாவுக்கு போன் பண்ணணும்னா தூங்கிட்டாங்களா முழிச்சிருக்காங்களான்னு தெரியணும்ல?" என்றார்.

அம்மா செத்த பிறகும் கடிகாரம் அப்படியேதான் ஓடியது. அந்த வீட்டில் எல்லோரும் கழித்துப் பழகினார்கள். கடிகாரம் எட்டு காட்டினால் ஏழு. யார்மோ பள்ளிக்கூடத்தில் கழித்தல் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே இந்தக் கழித்தலைக் கற்றுக்கொண்டான். வந்த விருந்தாளிகள் கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளி எழுவார்கள், தைஸ்தோ சிரிப்பார். அந்த மனிதர் சிரித்த சில விஷயங்களில் அது ஒன்று.

அடுத்த கோடையில் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு கோடையிலும் சொன்னார். இருபத்துநாலு கோடை சொன்னார். கடிகாரம் அங்கே இருந்தது, ஆள் இங்கேயே இருந்தார். கடைசியில் ஹில்க்கா தனியாகவே கப்பல் ஏறிவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "நான் போறேன்" என்றாள். "சரி" என்றார். துறைமுகம்வரை வந்து பெட்டியைத் தூக்கி வைத்தார். துர்க்குவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து, வியாழக்கிழமைதோறும் அறுநூறு பிள்ளைகளுக்குப் பட்டாணி சூப் கிண்டிக் கிண்டித் தோள்பட்டை தேய்ந்து ஓய்வு பெற்றாள். அங்கேயும் கையில் கட்டிய கைக்கடிகாரம் ஃபின்லாந்து நேரம்தான். இப்போது அது ஊர் நேரம். ஸ்வீடனுக்குப் போனால் மனசுக்குள் ஒன்று கழித்துக்கொள்வாள். முள்ளைத் திருப்புவது அவளுக்குப் பழக்கமே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு தைஸ்தோவின் பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினாள். அவர் ஸ்வீடிஷ் பேசுவதை நிறுத்திவிட்டார் என்றாள். கோபத்தில் நிறுத்தவில்லை, மறந்துபோயிற்று. நாற்பத்தைந்து வருஷம் பேசிய மொழி உப்புப் போலக் கரைந்து, அடியில் ஃபின்னிஷ் மட்டும் நின்றது. வீட்டு உதவிக்கு வரும் பெண்களிடம் ஃபின்னிஷில் பேசினார்; அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஹில்க்கா அந்த மாதமே கப்பல் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் மார்ச் மாதம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எஸ்கில்ஸ்துனா முதியோர் இல்லம் ஒன்றில் ஃபின்னிஷ் பேசுகிறவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அங்கே ஒரு அறை காலியாகியிருக்கிறது. தைஸ்தோவுக்கு அது தேவையா என்று மதிப்பிட ஓர் அலுவலர் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருவார். அங்கே கிடைக்காவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள வேறொரு இல்லம். அங்கே ஃபின்னிஷ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று போனில் கேட்டார்கள். வேண்டாம், நானே வருகிறேன் என்றாள் ஹில்க்கா.

செவ்வாய்க்கிழமை கப்பலில் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. எட்டே முக்காலில் நின்ற முள் ஆடவேயில்லை.

"தூக்கிப் போடுடி அந்தப் பழசை" என்றாள் ஐலா, கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்து ஆடுசெருப்பை மாட்டிக்கொண்டே. "கையில போன் இருக்கில்ல, உன் பையன் வாங்கிக் குடுத்தது. அதுவே நேரம் மாத்திக்கும். கப்பல் ஸ்வீடன் பக்கம் போனா ஸ்வீடன் நேரம், இந்தப் பக்கம் வந்தா நம்ம நேரம். உன் பழைய புருஷனைவிட அதுக்குப் புத்தி இருக்கு."

"அவர் கத்துக்குடுத்த புத்திதான் எனக்கு இன்னும் உதவுது."

"அதான் தெரியுதே, சுமந்துகிட்டுப் போறியே." ஐலா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். "எனக்குப் புரியவே இல்லடி. உயிரோட இருந்தப்பவே விட்டுட்டு வந்தவ, இப்ப என்னத்துக்கு ஓடற?"

"இப்பவும் உயிரோடதான் இருக்காரு, ஐலா."

"அதையும் போய்ப் பாத்துத்தான் சொல்லணும்" என்று சிரித்துவிட்டு அவள் ஆடப் போனாள்.

திரும்பி வந்து அவள் விட்ட குறட்டை அன்றைக்குப் பெரிய குறட்டை. ஹில்க்கா கண்ணை மூடிக்கொண்டு, அலுவலர் கேட்பதற்கெல்லாம் என்ன பதில் சொல்லலாம் என்று ஸ்வீடிஷில் வாக்கியம் கட்டிக்கொண்டு கிடந்தாள். மேலே லாரிகளின் சங்கிலி கிணுகிணுத்தது.

ஸ்டாக்ஹோமில் கப்பல் ஆறு பத்துக்கு நின்றது. ரயில் ஏழு ஐம்பத்தைந்துக்கு. ரயிலடிக்கு நடை அரை மணி நேரம். எப்போதும் போலத் துறைமுகக் கட்டடத்தில் ஓர் ஓரத்து இருக்கையில், முதுகுக்குத் தூண் கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்சம் காலை ஆறவைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், எட்டே முக்கால். சே என்று பையைத் துழாவிப் போனை எடுத்தாள். ஏழு முப்பத்தைந்து. ஒன்றைக் கழித்தாள். ஆறு முப்பத்தைந்து. பத்து நிமிஷம்தான் அசந்திருக்கிறேன் என்று நிம்மதி. நாற்பத்தேழு வருஷமாகக் கழித்த மனசு, கழிக்க வேண்டிய வேலையைப் போன் முன்னாலேயே செய்து முடித்துவிட்டது என்பதை யோசிக்கவில்லை.

நிதானமாகக் காப்பி குடித்தாள். ஒரு துண்டு ரொட்டி தின்றாள். கழிவறைக்குப் போய்ப் பல் தேய்த்து, முடியை நனைத்து வாரி, அலுவலருக்கு முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த நீலக் கழுத்துத்துணியைக் கட்டிக்கொண்டாள். கரையோரமாக நடந்தாள். தண்ணீரில் உடைந்த பனிக்கட்டி மிதந்தது. காற்று முகத்தில் அறைந்தது. தெருவில் இவ்வளவு பேர் இந்நேரத்துக்கே வேலைக்குப் போகிறார்களே, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

ரயிலடியின் பெரிய கடிகாரம் எட்டு இருபத்தைந்து காட்டியது. அதிலும் ஒன்றைக் கழிக்கப் போன மனசு பாதியில் நின்றது. ஸ்வீடன் ரயிலடியில் யார் ஃபின்லாந்து நேரம் வைப்பார்கள்? அப்போதுதான் உறைத்தது. காது மடல் இரண்டும் சுட்டன. அவள் ரயில் போய் அரை மணி ஆகிவிட்டது.

அடுத்த ரயில் எட்டு ஐம்பத்தைந்துக்கு. புதுச் சீட்டு எடுத்தாள். விலையைப் பார்க்காமல் அட்டையை நீட்டியது அன்றைக்குத்தான். பிறகு அலுவலரின் எண்ணுக்குப் போன் செய்தாள். லிஸ்பெத் என்று பெயர்.

"நான் வர பத்தேகால் ஆயிடும். கொஞ்சம் காத்திருக்க முடியுமா?"

"பதினோரு மணிக்கு எனக்கு வேற இடத்துல வேலை இருக்கே" என்றது மறுமுனை. கனிவான குரல், அவசரமான குரல். "நான் போய் ஆரம்பிச்சிடறேன். முடிஞ்ச வரைக்கும் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

"அவருக்கு ஸ்வீடிஷ் புரியாதுங்க."

"அதையும் பாத்த மாதிரி ஆச்சு."

ஒரு மணி நேரப் பயணத்தில் ஹில்க்கா உட்காரவே இல்லை. இடம் இருந்தும் கதவருகில் நின்றாள், நின்றால் ரயில் சீக்கிரம் போகும் என்பதுபோல. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொன்னது அவள் வாய். இன்றைக்கு அந்த மனிதர் ஒரு வார்த்தை புரியாமல் அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். 'ஆமா ஆமா, நல்லாருக்கு' என்ற ஒரே ஒரு ஸ்வீடிஷ் வாக்கியம்தான் அவரிடம் மிச்சம். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். நன்றாக இருக்கிறார், உதவி வேண்டாம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவாள்.

மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தது லிஸ்பெத். நாற்பது வயதிருக்கும். கதவருகே பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நின்றாள். சமையலறை மேஜையில் அவள் இடத்துக்கு முன்னால் மூன்று கோப்பை நிறையக் காப்பி, ஆறிப்போய். தைஸ்தோ நாலாவது கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். சட்டை உள்புறம் வெளியே.

"ஹில்க்கா!" என்றார் ஃபின்னிஷில். "யாரு இந்தப் பொண்ணு? காப்பியத் தொடவே மாட்டேங்குது. நல்லால்லியான்னு கேளு."

இன்றைக்கு அவளைத் தெரிகிறது. அதுவே பெரிது. ஹில்க்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்றார்?" என்றாள் லிஸ்பெத்.

"காப்பி நல்லா இல்லையான்னு கேக்கறார்."

"முதல் கோப்பைய முழுசாக் குடிச்சேனே! கழுவி வெச்சிட்டு மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்." அவள் காகிதங்களைப் புரட்டினாள். "உதவி வேணுமான்னு கேட்டேன், 'ஆமா ஆமா, நல்லாருக்கு'ன்னார். உதவி வேணாமான்னு கேட்டுப் பாத்தேன், அதுக்கும் அதேதான். ஒரே ஒரு கேள்விக்குத்தான் தெளிவா பதில் வந்துச்சு. மணி என்னன்னு கையால காட்டிக் கேட்டேன். விரலால காட்டினார், பதினொண்ணு. அப்ப சரியா பத்து."

காகிதத்தில் அந்த வரிக்கு நேரே அவள் ஒரு குறி போட்டிருந்தாள். மற்ற வரிகளெல்லாம் ஏறக்குறைய காலி.

ஹில்க்கா அந்தக் குறியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பழைய இடத்தில் பழைய கடிகாரம், இப்போது பதினொன்று இருபத்தைந்து.

பேசாமல் இருந்துவிடலாம். நேரம் தெரியாத கிழவன் என்று ஒரு குறி விழுந்தால் அறைக்கு அது நல்ல குறி. தைஸ்தோ இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்?" என்றார்.

"மணி கேட்டாளாமே உன்கிட்ட."

"ஆமா. பதினொண்ணுன்னேன். கடிகாரம் அங்கதானே இருக்கு? சரிதானே?"

காலையில் சுட்ட காது மறுபடியும் சுட்டது.

"அந்தக் குறிய அடிச்சிடுங்க" என்றாள் ஸ்வீடிஷில். "அந்தக் கடிகாரம் ஃபின்லாந்து நேரம். நாப்பது வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓடுது. அவர் பாத்துச் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

லிஸ்பெத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள். "நீங்க இதைச் சொல்லாம இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியும்ல? இருக்கறது ஒரு அறை. கேட்டிருக்கறது மூணு பேர்."

"தெரியும். அடிச்சிடுங்க."

அடித்தாள்.

"இப்ப நான் சொல்றத எழுதிக்குங்க" என்றாள் ஹில்க்கா.

ஆரம்பிப்பதற்குத்தான் கஷ்டமாக இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார், போன இலையுதிர்காலத்தில், கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு நாளில். அவள் சொல்லவில்லை. நகராட்சியிலிருந்து போன் வந்தபோதெல்லாம் அவர் எப்போதுமே அப்படித்தான், பேச்சுக் குறைவு என்று சமாளித்தாள். வீட்டு உதவிப் பெண்கள் வருவதற்கு முன்னாலேயே போனில் அவரை எழுப்பி, சட்டை போடு, முகம் கழுவு என்று துர்க்குவிலிருந்தே விரட்டினாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து தடயமில்லாமல் துடைத்துவிட்டுப் போனாள்.

ஸ்வீடிஷில் சொல்லத் தொடங்கினாள். பிளாஸ்டிக் காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்து உருக்கியது. மாத்திரைகளை விழுங்காமல் காப்பித்தூள் டப்பாவுக்குள் சேர்த்துவைத்தது; டப்பாவை எடுத்துவந்து காட்டினாள். படுக்கை நனைவது. பிப்ரவரியில் வீட்டுச் செருப்போடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு துறைமுகத்துக்குப் போகும் பஸ் எதுவென்று எல்லோரையும் கேட்டது.

தைஸ்தோ அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிபட்டது. முகம் மலர்ந்தது.

"பஸ்ஸா? பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்குன்னு சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட. பயப்பட வேணாம்."

"சொல்றேன்" என்றாள் ஹில்க்கா.

ஸ்வீடிஷை அவள் என்றைக்குமே விரும்பிப் பேசியதில்லை. தொழிற்சாலையில் திட்டு வாங்கிய மொழி. இன்றைக்கு அது அவருக்குப் புரியாமல் போனதே உதவியாக இருந்தது. அவருக்கு நேர் எதிரே, அவருடைய மேஜையில் உட்கார்ந்து, அவர் மறைக்கச் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியாகச் சொன்னது: "போன தடவ என்னையே பாத்து, ஹில்க்கா எப்ப வருவான்னு கேட்டார்."

லிஸ்பெத் அதையும் எழுதிக்கொண்டாள்.

"இதுல ஒண்ணுகூட எங்க குறிப்புகள்ல இல்லையே."

"நான்தான் வர விடல."

"ஏன்?"

ஹில்க்கா மாத்திரை கிடந்த டப்பாவை மூடி அவள் பக்கம் தள்ளினாள்.

லிஸ்பெத் காகிதங்களை அடுக்கினாள். "முடிவு என் கையில இல்ல. ஆனா நான் எழுதறதத்தான் படிப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கடிதம் வரும்." கதவுவரை போனவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அவர் துணிமணிகள்ல பேர் தைக்க ஆரம்பிச்சிடுங்க, இல்லத்துல எல்லார் துணியும் ஒண்ணாத் துவைப்பாங்க. தையல் வேலைக்கு நேரம் ஆகும்."

பிறகு மேஜைக்குத் திரும்பி வந்து, நின்றபடியே ஒரு கோப்பை ஆறின காப்பியை மடமடவென்று குடித்து, தனக்குத் தெரிந்த ஒரே ஃபின்னிஷ் வார்த்தையில் தைஸ்தோவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

"பாத்தியா?" என்றார் தைஸ்தோ. "காப்பி நல்லாத்தான் இருந்திருக்கு." கதவு மூடியதும் கேட்டார்: "அவகிட்ட என்ன சொன்ன?"

"கடிகாரம் சரின்னு சொன்னேன்."

"அதுக்கு இவ்ளோ நேரமா?"

"அவளுக்குப் புரிய நேரமாச்சு."

"ஸ்வீடன்காரிதானே" என்றார் அவர், சமாதானமாகி.

சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டாள். படுக்கை விரிப்பை மாற்றி இயந்திரத்தில் போட்டாள். உருளைக்கிழங்கு வேகவைத்து, டப்பாவில் இருந்த மீனோடு இருவரும் சாப்பிட்டார்கள். திரும்பும் ரயில் நேரத்தை எப்போதும்போல ஒரு தாளில் பெரிதாக எழுதி மேஜையில் வைத்தாள். அவர் அடிக்கடி கேட்பார், காட்டுவதற்கு வசதி. 16.02. கப்பல் எட்டு மணிக்கு. விரிப்பு காயும்வரை என்று சோபாவில் சாய்ந்தாள். கோட்டை மேலே இழுத்துக்கொண்டது வரைதான் நினைவு.

"எழுந்திரு. ஹில்க்கா, எழுந்திரு."

தைஸ்தோ தலைமாட்டில் நின்றார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய பூட்ஸ் இரண்டையும் சோபாவின் கீழே முன்பக்கம் பார்த்து ஒழுங்காக வைத்திருந்தார்.

"நாலு மணி ரயில். போயிடும்."

கடிகாரம் மூன்றரை. அவள் போனைப் பார்த்தாள். இரண்டரை. இந்தத் தடவை எதையும் கழிக்கவில்லை. மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சுவருக்குக் கீழே நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கழித்த மனிதர். விருந்தாளிகள் துள்ளி எழும்போது சிரித்தவர். இப்போது கழிக்கவில்லை; முகத்தில் கவலை மட்டும் இருந்தது, அவளுக்கு ரயில் தவறிவிடுமே என்று.

இதையும் போன் பண்ணி அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அடித்த குறியைத் திருப்பிப் போடச் சொல்ல வேண்டும். சொல்லப் போவதில்லை என்பதும் அதே நொடியில் தெரிந்தது. மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. இந்த ஒன்று அடித்தபடியே கிடக்கட்டும்.

"இன்னும் நேரமிருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் பூட்ஸின் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, கால் நுழைக்க வசதியாகக் குனிந்து நின்றார்.

"ஆமா, கிளம்பறேன்" என்றாள்.

கோட்டில் கைகளை நுழைத்தாள். அவர் கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டார்.

"ஓடாதே. வழுக்கும்" என்றார். "பஸ் இருக்கு. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு."

"சரி. அடுப்பத் தொடாதே."

"நான் எதுக்குத் தொடறேன்?"

ரயிலடிக்கு வந்தபோது மூன்றுகூட ஆகவில்லை. நடைமேடையில் காற்று அடித்தது. உள்ளே சூடேற்றிய கூடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று வெளியிலேயே ஓர் இருக்கையில் உட்கார்ந்தாள். பையில் கடைசி ரொட்டித் துண்டு இருந்தது. அதைப் பிரித்து மெதுவாகத் தின்றாள். நின்றுபோன கைக்கடிகாரம் இன்னும் எட்டே முக்கால் காட்டியது. அவர் இந்நேரம் ஜன்னலில் நின்றுகொண்டு, ரயில் கிளம்பியிருக்கும், பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

எதிர்த் திசையில் ஒரு ரயில் நின்றுவிட்டுப் போயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.